விளங்காத நகையும் விளக்கும் கதையும்: மிலோஷ் ஃபோர்மனின் ‘மேன் ஆன் தி மூன்’ (1999) திரைப்படம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க நிகழ்த்துகலைஞர் ஆண்டி காஃப்மனின் (1949–1984) வாழ்வை மிலோஷ் ஃபோர்மன் ‘மேன் ஆன் தி மூன்’ என்னும் பெயரில் 1999ஆம் ஆண்டு திரைப்படமாக்கினார். தம்மை நகைச்சுவையாளர் என்று அழைப்பதையே ஏற்காத ஒருவரின் கலை, பார்வையாளரை ஐயத்தில் நிறுத்துவதை அடிப்படையாகக் கொண்டது. வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படமோ ஐயங்களைத் தீர்த்து, ஒரு மனிதரை விளங்கவைக்கும் கடப்பாடு உடையது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு நோக்கங்களும் இப்படத்தில் எவ்வாறு மோதுகின்றன, அம்மோதலில் எது விட்டுக்கொடுக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. படத்தின் தொடக்கக் காட்சி, பார்வையாளருக்கு அது அளிக்கும் இடம், நிகழ்ச்சிகளின் கால வரிசை மாற்றம், பெண்களுடனான மற்போர்க் காட்சிகள், நடிகர் தேர்வு, பிலிப்பைன்ஸ் காட்சி ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம், நகை, எள்ளல், நிகழ்த்துகலை, பார்வையாளர், ஆண்டி காஃப்மன், மிலோஷ் ஃபோர்மன்.

முன்னுரை

கலைஞர்களின் வாழ்வைச் சொல்லும் திரைப்படங்களுக்கென ஒரு கதைப்போக்கு நிலைபெற்றுவிட்டது. இளமையில் தோன்றும் ஒரு குறிப்பு, போராட்டம், புகழ், சரிவு, மீட்பு அல்லது மரணம் என்ற ஒழுங்கில் அது நகரும். இறுதியில் பார்வையாளர் அக்கலைஞரை அறிந்துகொண்ட நிறைவுடன் அரங்கை விட்டு வெளியேறுவார். இசைக்கலைஞர், ஓவியர், அரசியல் தலைவர் எவராயினும் இந்த ஒழுங்கு பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. ஏனெனில் அவர்களது படைப்பு வேறு, அவர்களது தனிவாழ்வு வேறு என்று பிரித்துப் பார்க்க இயலும். படைப்புக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் காட்டுவதே திரைப்படத்தின் பணியாகிறது.

ஆண்டி காஃப்மனிடம் இப்பிரிவினை செல்லுபடியாகாது. மேடையில் தொடங்கும் வேடத்தை மேடைக்கு வெளியிலும் அவர் களைவதில்லை. அவர் சினந்தால் அது உண்மைச் சினமா நடிப்பா என்று உடனிருந்தவர்க்கே தெரியாது. 1984ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், தம் 35ஆம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்தபோது, அந்த மரணத்தையும் மற்றொரு விளையாட்டாகக் கருதியோர் பலர். அத்தகைய ஒருவருக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவது எவ்வாறு என்பதே இப்படம் எதிர்கொண்ட சிக்கல்.

காஃப்மன் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த இப்படத்தின் திரைக்கதையை ஸ்காட் அலெக்சாண்டர், லாரி காரசெவ்ஸ்கி ஆகிய இருவரும் எழுதினர். வழக்கத்துக்கு மாறான மனிதர்களின் வாழ்வைப் பற்றிய ‘எட் வுட்’ (1994), ‘தி பீப்பிள் வெர்சஸ் லாரி ஃபிளிண்ட்’ (1996) ஆகிய படங்களின் திரைக்கதையும் இவர்களுடையதே. படத்தின் தலைப்பு, ஆர்.ஈ.எம். இசைக்குழு காஃப்மனை நினைவுகூர்ந்து 1992இல் வெளியிட்ட பாடலின் தலைப்பாகும். காஃப்மனாக ஜிம் கேரி நடித்தார். அந்நடிப்புக்காக அவருக்கு கோல்டன் குளோப் விருதும், 2000ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் ஃபோர்மனுக்குச் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதும் கிடைத்தன.

1. காஃப்மனின் கலை

காஃப்மனின் தொடக்ககால நிகழ்வுகளுள் புகழ்பெற்றது ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பில் (அக்டோபர் 11, 1975) அவர் நிகழ்த்தியதாகும். ஓர் இசைத்தட்டுக் கருவியருகே அவர் நிற்கிறார். ‘மைட்டி மவுஸ்’ என்னும் கேலிச்சித்திரத் தொடரின் பாடல் ஒலிக்கிறது. பாடல் முழுவதும் செய்வதறியாது நிற்கும் அவர், வீர எலி தன் வருகையை அறிவிக்கும் ஒரேயோர் அடிக்கு மட்டும் கையை உயர்த்தி, பெருமிதத்துடன் வாயசைக்கிறார். மீண்டும் தயங்கி நிற்கிறார். நகைச்சுவைத் துணுக்கு என்று சொல்லத்தக்கது இதில் ஒன்றுமில்லை. ஒருவர் தம் முறை வருவதற்காகக் காத்திருப்பதே நிகழ்வு.

அவர் உருவாக்கிய ‘அயல்நாட்டு மனிதன்’ என்னும் பாத்திரமும் இவ்வகையினதே. இல்லாத ஒரு நாட்டின் உச்சரிப்பில், தடுமாறியபடி, சிரிப்பே வராத துணுக்குகளைச் சொல்லி, பிரபலங்களைப் போல நடிப்பதாகக் கூறித் தம் சொந்தக் குரலிலேயே பேசுவான் அவன். அரங்கு இரக்கத்திலும் எரிச்சலிலும் நெளியும். பின்னர் எல்விஸ் பிரெஸ்லியைப் போல நடிக்கப் போவதாக அறிவித்துத் திரும்பி நின்று, முன்திரும்பும்போது எல்விஸாகவே மாறியிருப்பான். பாடி முடித்ததும் அதே தடுமாறும் குரலில் நன்றி சொல்வான். இப்பாத்திரமே ‘டாக்ஸி’ (1978–1983) தொடரில் லட்கா கிராவாஸ் என்ற பெயரில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது.

தமிழ் மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களாகப் பேதைமை, மடன், இளமை, எள்ளல் ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. இவ்வகைப்பாடு காஃப்மனின் கலையை விளக்க ஓரளவு துணைபுரிகிறது. அயல்நாட்டு மனிதனிடம் முதலில் காணப்படுவது பேதைமை. அரங்கு அப்பேதைமையைக் கண்டு நகைக்கத் தொடங்கும். எல்விஸ் தோன்றியதும், பேதையெனக் கருதப்பட்டவன் அறிந்தே ஏமாற்றியவன் என்பது புலப்படும். அக்கணத்தில் பேதைமை அரங்கின் பக்கம் சென்றுவிடுகிறது. எள்ளிய அரங்கு எள்ளப்பட்ட அரங்காகிறது. எள்ளல் தன் திசையை இவ்வாறு மாற்றிக்கொள்வதே காஃப்மனின் கலைக்கு அடிப்படை. அத்திசைமாற்றம் நிகழ வேண்டுமாயின் பார்வையாளர் முன்கூட்டியே எதையும் அறிந்திருத்தல் கூடாது. இந்த நிபந்தனையே திரைப்படத்துக்குப் பெரும் இடராக அமைகிறது.

2. முடிவில் தொடங்கும் படம்

இவ்விடரை ஃபோர்மனும் திரைக்கதையாசிரியர்களும் அறிந்திருந்தனர் என்பதற்குப் படத்தின் தொடக்கமே சான்று. கறுப்பு வெள்ளைக் காட்சியில் காஃப்மன் அயல்நாட்டு மனிதனின் குரலில் பார்வையாளரை நோக்கிப் பேசுகிறார். இப்படம் மோசமானது என்கிறார். தம் வாழ்வின் முதன்மையான நிகழ்ச்சிகள் நாடகத்தன்மைக்காக இடம்மாற்றப்பட்டுவிட்டன என்று குறைகூறுகிறார். தேவையற்றவற்றை நீக்கிவிட்டதால் படம் சுருங்கிவிட்டது, இதுவே முடிவு என்கிறார். இசைத்தட்டு ஒலிக்க, இறுதியில் வரவேண்டிய பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. திரை இருள்கிறது. சிறிது நேரத்துக்குப் பின் அவர் எட்டிப்பார்த்து, தம்மைப் புரிந்துகொள்ளாதவர்களை வெளியேற்றவே அவ்வாறு செய்ததாகக் கூறி, தம் இளமைக்காலத்தைக் காட்டத் தொடங்குகிறார்.

இத்தொடக்கம் இரு பணிகளைச் செய்கிறது. முதலாவதாக, காஃப்மனின் முறையையே திரைப்படத்துக்குப் பொருத்துகிறது. அரங்கில் அமர்ந்தவர் சில விநாடிகளேனும் ஐயத்தில் நிற்கிறார். இரண்டாவதாக, உண்மைக்கு மாறான வரிசையில் நிகழ்ச்சிகள் வரப்போகின்றன என்ற ஒப்புதல் வாக்குமூலத்தைப் படம் தொடக்கத்திலேயே அளித்துவிடுகிறது. பின்வரும் மாற்றங்களுக்கு இதுவே அனுமதிச் சீட்டாகிறது.

எனினும் இருண்ட திரைக்குப் பின் அவர் திரும்பி வந்து சொல்லும் சொற்கள் கவனத்துக்குரியவை. எஞ்சியிருப்போர் புரிந்துகொண்டவர்கள் என்று அவை உறுதியளிக்கின்றன. காஃப்மன் தம் வாழ்நாளில் எந்த அரங்குக்கும் அந்த உறுதியை அளித்ததில்லை. கல்லூரி ஒன்றில் லட்காவை எதிர்பார்த்து வந்த மாணவர்முன் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கும் காட்சி இப்படத்திலேயே உள்ளது. அங்கு இறுதிவரை அமர்ந்திருந்தவர்க்கும் புரிதலுக்கான சான்றிதழ் எதுவும் வழங்கப்படவில்லை. தொடக்கக் காட்சி காஃப்மனின் முறையைக் கையாண்ட கையோடு அதன் கடுமையைத் தணித்தும் விடுகிறது.

3. திரைக்குப் பின்னால் ஓர் இருக்கை

படத்தின் மிகப் பெரிய தேர்வு, பார்வையாளரை அது எங்கே அமர்த்துகிறது என்பதில் உள்ளது. காஃப்மனின் நண்பரும் உடன் எழுதியவருமான பாப் ஸ்முடாவாகப் பால் ஜியாமாட்டி நடிக்கிறார். இருவரும் திட்டமிடுவது, திட்டம் பலித்தபின் தனியறையில் சிரிப்பது ஆகியவை படத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. டோனி கிளிஃப்டன் என்னும் நாகரிகமற்ற கேளிக்கைவிடுதிப் பாடகனின் வேடத்தில் சிலபோது காஃப்மனும் சிலபோது ஸ்முடாவும் இருந்தனர் என்பதைப் படம் நமக்கு வெளிப்படையாகவே காட்டுகிறது. அக்காலத்தில் கிளிஃப்டனைக் கண்டவர்க்கு இவ்வறிவு இல்லை. காஃப்மனைக் காண்கிறோம் என்று எண்ணி ஸ்முடாவைக் கண்டவர் உண்டு.

ஜெர்ரி லாலருடனான மோதலும் இவ்வாறே கையாளப்படுகிறது. 1982 ஏப்ரல் 5ஆம் நாள் மெம்ஃபிஸ் நகரில் தொழில்முறை மற்போர் வீரரான லாலர், காஃப்மனைத் தலைகீழாகப் பிடித்துத் தலை தரையில் மோதும்படி இறக்கினார். அதன்பின் காஃப்மன் கழுத்துப்பட்டையுடன் வலம்வந்தார். அதே ஆண்டு ஜூலை 28ஆம் நாள் டேவிட் லெட்டர்மனின் நிகழ்ச்சியில் லாலர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். இவை யாவும் இருவரும் கலந்து செய்த ஏற்பாடு என்பது காஃப்மன் இறந்து பல ஆண்டுகள் கழித்தே வெளியாயிற்று. உண்மை வாழ்வில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் காக்கப்பட்ட மறைபொருளைத் திரைப்படம் சில நிமிடங்களில் வெளியிட்டு, இருவரும் நண்பர்களே என்று நம்மை ஆறுதல்படுத்துகிறது.

இதன் விளைவு சிறிதன்று. அரங்கில் ஏமாந்த மக்களைப் பார்த்து, திட்டம் அறிந்தவர்களோடு சேர்ந்து நாம் நகைக்கிறோம். காஃப்மனின் நிகழ்வில் பார்வையாளர்மீது வந்து விழுந்த எள்ளல், படத்தில் திரைக்குள் இருக்கும் வேறு பார்வையாளர்மீது விழுகிறது. திரையரங்கில் இருப்பவர் காப்பாற்றப்பட்டுவிடுகிறார். ஒருவரை ஏமாற்றும் கலையை, ஏமாற்றப்படாத இடத்திலிருந்து காண்பவர் அக்கலையைப் பற்றிய செய்தியை அறிகிறார். அதன் அனுபவத்தை அவர் அடைவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 1999இல் இப்படத்தைக் காணவந்தவருள் பெரும்பாலோர் காஃப்மனை முன்னரே அறிந்தவர். மறைபொருள் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டது. எனவே அதை மீண்டும் மறைப்பதில் பயனில்லை என்பது அம்மறுப்பு. இதில் நியாயம் உண்டு. ஆயினும் தகவலை அறிந்திருத்தல் வேறு, காட்சியின் கோணம் வேறு. தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றில் காஃப்மன் வேண்டுமென்றே படத்தைச் செங்குத்தாக உருளச் செய்ததையும், வீட்டிலிருப்போர் எழுந்து தம் பெட்டியைத் தட்டிப்பார்க்கவேண்டும் என அவர் விரும்பியதையும் படம் காட்டுகிறது. ஆனால் அதை நிலைய அதிகாரிகள் அதிர்ச்சியடையும் காட்சியாகவே காட்டுகிறது. எழுந்து சென்று பெட்டியைத் தட்டிய மனிதரின் கோணம் படத்தில் இல்லை.

4. நிறுவனமும் தனிமனிதனும்: ஃபோர்மனின் பார்வை

இத்தேர்வுகளின் காரணத்தை ஃபோர்மனின் முந்தைய படங்களில் தேடலாம். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஃபோர்மன் நாஜி வதைமுகாம்களில் பெற்றோரை இழந்தவர். அவரது ‘தி ஃபயர்மென்ஸ் பால்’ (1967) என்னும் எள்ளல் படம் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. 1968க்குப் பின் அமெரிக்காவில் குடியேறிய அவர், அங்கு எடுத்த படங்களில் ஒரே வடிவத்தைப் பல முறை கையாண்டார். ‘ஒன் ஃபிளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ (1975) படத்தில் மனநல மருத்துவமனையை எதிர்க்கும் மெக்மர்ஃபி, ‘அமேடியஸ்’ (1984) படத்தில் அரசவை ஒழுக்கத்துக்கு அடங்காத மோசார்ட், நீதிமன்றத்தில் பேச்சுரிமைக்காக நிற்கும் லாரி ஃபிளிண்ட் ஆகிய மூவரும் அடக்கமற்ற தனிமனிதர்கள். அவர்களுக்கு எதிரே உறுதியான ஒரு நிறுவனம் நிற்கிறது. சிரிப்பு அங்கு விடுதலையின் குறியீடு. சிரிப்புக்குத் தடைவிதிக்கும் அரசை நேரில் கண்டவர்க்கு இப்பார்வை இயல்பானதே.

காஃப்மனின் கதையிலும் ஃபோர்மன் அத்தகைய நிறுவனத்தைத் தேடுகிறார். தொலைக்காட்சி அதிகாரிகள், ‘டாக்ஸி’ தயாரிப்பாளர்கள், ‘ஃபிரைடேஸ்’ நேரடி ஒளிபரப்பில் கைகலப்பில் ஈடுபடும் படப்பிடிப்புக் குழுவினர், அவரது மற்போர் நடத்தையால் அவரை விலக்கும் ஆழ்நிலைத் தியான அமைப்பினர் ஆகியோர் அவ்விடத்தில் வந்து நிற்கின்றனர். ஆயினும் அவர்களுள் எவரும் காஃப்மனின் உண்மையான எதிர்நிலை அல்லர். நிறுவனங்கள் பல நேரங்களில் அவருக்கு இடமளித்தன, ஊதியமும் வழங்கின. அவர் மோதியது தமக்கு முன்னால் பணம் கொடுத்து அமர்ந்திருந்த மக்களோடுதான்.

1982 நவம்பரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சி, காஃப்மன் அந்நிகழ்ச்சியில் இனித் தோன்றலாமா கூடாதா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. அவரை நீக்க 1,95,544 பேரும் வைத்துக்கொள்ள 1,69,186 பேரும் வாக்களித்தனர். 26,358 வாக்கு வேறுபாட்டில் அவர் நீக்கப்பட்டார். நிறுவனம் அடக்கியதாக இந்நிகழ்ச்சியைக் கொள்வது கடினம். தம்மை வெறுக்கும்படி மக்களை அழைத்த ஒருவருக்கு மக்கள் அளித்த விடை அது. அவர் அவ்விடையை எதிர்பார்த்தாரா, அதனால் புண்பட்டாரா என்ற வினா மிகவும் நுட்பமானது. படம் இவ்வாக்கெடுப்பைச் சரிவின் ஒரு படியாகக் காட்டி விரைந்து கடந்துவிடுகிறது. மெக்மர்ஃபிக்குப் பொருந்திய சட்டகம் காஃப்மனுக்குப் பொருந்தாமல் போகும் இடம் இதுவே.

5. பாலும் ரொட்டியும்: இடம்மாறிய நிகழ்ச்சி

படம் செய்த மாற்றங்களுள் பொருள்நிலையில் மிகப் பெரியது கார்னகி அரங்க நிகழ்ச்சியின் இடமாற்றமாகும். நியூயார்க்கின் கார்னகி அரங்கில் காஃப்மன் 1979 ஏப்ரல் 26ஆம் நாள் நிகழ்த்தினார். நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர் அனைவரையும் பேருந்துகளில் ஏற்றிச்சென்று பாலும் இனிப்பு ரொட்டியும் அளித்தார். குழந்தைப் பருவத்து அன்பைப் பெரியோர்க்கு மீட்டளித்த நிகழ்வு அது.

திரைப்படத்தில் இது காஃப்மனுக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்த பின்னர் நிகழ்கிறது. மற்போர், சண்டை, வாக்கெடுப்பு ஆகியவற்றால் வெறுக்கப்பட்ட கலைஞன், இறப்பு நெருங்கும் வேளையில் தன் பார்வையாளருக்கு அளிக்கும் பிரியாவிடை விருந்தாக அது மாறிவிடுகிறது. பனித்தூவல், நடனமாதர், சாண்டா கிளாஸ் என விரியும் காட்சியில் பார்வையாளர் கண்கலங்குவது உறுதி.

உண்மை வரிசையோ நேர்மாறானது. பெண்களுடன் மற்போர் புரிவதை அவர் தேசியத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது அதே ஆண்டு அக்டோபரில். ‘ஃபிரைடேஸ்’ சண்டை 1981இல். லாலரும் வாக்கெடுப்பும் 1982இல். அதாவது, பாலும் ரொட்டியும் அளித்து முழு அரங்கின் அன்பைப் பெற்ற பின்னரே அவர் வெறுப்பை நோக்கி நடந்தார். அன்பின் உச்சத்தை அடைந்தவர் அதை மீண்டும் நிகழ்த்தாமல், அதற்கு எதிர்த்திசையில் எவ்வளவு தொலைவு செல்லமுடியும் என்று பார்த்திருக்கிறார். இதை எவ்வாறு விளக்குவது என்பது காஃப்மனைப் பற்றிய வினாக்களுள் தலையாயது. அன்பை எளிதில் பெறமுடிந்ததால் அதன்மீது ஏற்பட்ட சலிப்பா, அன்பும் வெறுப்பும் கலைக்கு ஒரே மூலப்பொருள்தான் என்ற எண்ணமா, மற்போர் மேடையின் வில்லன்மீது இளமை முதல் கொண்ட ஈர்ப்பா என்று பல வகையில் சிந்திக்க இடமுண்டு.

வரிசையை மாற்றியதன் மூலம் படம் இவ்வினாவையே அகற்றிவிடுகிறது. வெறுப்பிலிருந்து அன்புக்கு என்னும் பாதை அனைவரும் அறிந்த மீட்புக்கதை. அன்பிலிருந்து வெறுப்புக்கு என்னும் பாதைக்கு அத்தகைய ஆயத்த வடிவம் இல்லை. தொடக்கக் காட்சியில் பெற்ற அனுமதி, இங்கு வெறும் நாடகச் சுவைக்காகச் செலவிடப்படவில்லை; ஒரு கலைஞரின் வாழ்வின் திசையையே திருப்பப் பயன்பட்டுள்ளது. கலைஞரையும் மக்களையும் இறுதியில் இணக்கப்படுத்தும் இந்த அமைதி, காஃப்மன் ஒருபோதும் கேட்காத மன்னிப்பை அவர் சார்பில் படம் கேட்பதற்கு ஒப்பாகும்.

6. மற்போர் மேடையில் பெண்

தம்மை மற்போரில் வீழ்த்தும் பெண்ணுக்கு 1000 டாலர் அளிப்பதாகக் காஃப்மன் அறிவித்தார். மேடையில் நின்று பெண்களை இழிவுபடுத்திப் பேசினார். மற்போர் அரங்கின் வில்லன் பேசும் மொழியைக் கையாண்ட பகடி அது என்று ஒரு சாரார் கூறுவர். அவ்வாறாயினும் அரங்கில் பெண்கள் உண்மையிலேயே தரையில் வீழ்த்தப்பட்டனர் என்பதும், அவ்விழிசொற்கள் உண்மையிலேயே பேசப்பட்டன என்பதும் மாறுவதில்லை. பகடி எங்கு முடிகிறது, அது பகடி செய்யும் பொருளாகவே எங்கு மாறிவிடுகிறது என்ற வினா, காஃப்மனின் கலையில் வேறெங்கும் இத்துணைக் கூர்மையாக எழுவதில்லை.

படம் இவ்வினாவைக் காதலால் கடக்கிறது. கோர்ட்னி லவ் நடித்த லின் மார்குலிஸ், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருடன் மற்போர் புரியும் பெண்ணாக அறிமுகமாகி, பின்னர் அவரது காதலியாகிறார். உண்மையில் இருவரும் அறிமுகமானது ‘மை பிரேக்ஃபாஸ்ட் வித் பிளாசி’ (1983) என்னும் படத்தின் படப்பிடிப்பின்போதுதான். மேடையில் வீழ்த்தப்பட்ட பெண்ணே வீழ்த்தியவனைக் காதலிப்பதாகக் கதை புனையப்படும்போது, மற்ற பெண்களின் சினத்துக்குப் படத்தில் இடமில்லாது போகிறது. அரங்கில் கூச்சலிடும் கூட்டமாக மட்டுமே அவர்கள் எஞ்சுகின்றனர். அச்சினத்துக்கு ஒரு முகமும் ஒரு குரலும் அளித்திருந்தால் காஃப்மனின் கலை எளிதில் தீர்க்கமுடியாத அறச்சிக்கலாக நின்றிருக்கும். அது படத்துக்கு வலிமையையே சேர்த்திருக்கும்.

7. நடிகரும் நடிக்கப்பட்டவரும்

மேற்கூறிய விளக்க முயற்சிகளுக்கு மாறாக, படத்துக்குள் காஃப்மனின் கலைக்கு மிக அருகில் வருவது நடிகர் தேர்வாகும். லாலரும் லெட்டர்மனும் தாமாகவே தோன்றுகின்றனர். ‘டாக்ஸி’ தொடரில் நடித்த ஜட் ஹர்ஷ், மேரிலு ஹென்னர், கிறிஸ்டஃபர் லாய்ட் முதலியோர் இருபது ஆண்டு மூப்புடன் தம் இளம்பருவ உருவங்களாக நடிக்கின்றனர். அத்தொடரில் நடித்தவரும் இப்படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவருமான டேனி டெவிட்டோ, காஃப்மனின் மேலாளர் ஜார்ஜ் ஷாபிரோவாக நடிக்கிறார். ஆகவே ‘டாக்ஸி’ படப்பிடிப்புக் காட்சிகளில் டெவிட்டோவின் பாத்திரம் காணாமற்போகிறது. உண்மை ஷாபிரோவோ, காஃப்மனை வேலையிலிருந்து நீக்கும் விடுதி உரிமையாளராகச் சிறு வேடமேற்கிறார்.

யார் யாராக இருக்கிறார் என்ற இக்குழப்பத்தைப் படம் விளக்க முற்படவில்லை. அறிந்தவர் நகைக்கலாம், அறியாதவர் கடந்து செல்லலாம். காஃப்மன் பிறந்த அதே ஜனவரி 17ஆம் நாளில் 13 ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஜிம் கேரி, படப்பிடிப்பு நாள்களில் காஃப்மனாகவும் கிளிஃப்டனாகவுமே இருந்தார் என்பதை ‘ஜிம் அண்ட் ஆண்டி’ (2017) ஆவணப்படம் காட்டுகிறது. அக்காட்சிகளைத் தயாரிப்பு நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளியிடவில்லை. ஆவணப்படத்தில் இயக்குநர் ஃபோர்மனே தம் நடிகரிடம் எவ்வாறு பேசுவதெனத் தெரியாது திகைக்கிறார். காஃப்மனின் பார்வையாளர் அடைந்த திகைப்பு அதுவே. திரைப்படம் தன் பார்வையாளருக்கு அளிக்க மறுத்த அனுபவம், அதன் படப்பிடிப்புத் தளத்தில் நிகழ்ந்திருக்கிறது.

8. எள்ளியவன் எள்ளப்படும் கணம்

மருத்துவம் கைவிட்ட நிலையில் காஃப்மன் பிலிப்பைன்ஸ் சென்றார். கத்தியின்றி, வெறுங்கையால் உடலுக்குள்ளிருந்து நோயை எடுப்பதாகக் கூறும் சிகிச்சையை அங்கு நாடினார். படத்தில் அவர் மேசைமேல் கிடக்கிறார். தமக்கு முன்னால் சிகிச்சை நடக்கும்போது, மருத்துவர் உள்ளங்கையில் மறைத்துவைத்திருக்கும் பொருளைக் காண்கிறார். எல்லாம் கைவித்தை என்பதை உணர்கிறார். முகத்தில் நம்பிக்கை மறைகிறது. அடுத்த கணம் அவர் சிரிக்கிறார். அங்கிருந்து படம் நேராக இறுதிச் சடங்குக்குச் செல்கிறது.

இப்படத்தின் தலைசிறந்த காட்சி இதுவே எனலாம். எள்ளல் என்பதற்கு உரையாசிரியர் பேராசிரியர் இரு நிலைகளைக் கூறுவார். தான் பிறரை எள்ளுவதால் தோன்றும் நகை ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டபோது தன்னிடம் தோன்றும் நகை மற்றொன்று. வாழ்நாள் முழுவதும் முதல் நிலையில் நின்ற கலைஞன், மரணத்தின் விளிம்பில் இரண்டாம் நிலையை அடைகிறான். தன் அரங்குகள் அறிந்த ஏமாற்றத்தைத் தானே அறிகிறான். அச்சிரிப்பில் கசப்பு உண்டு, தொழில்நேர்த்தியைக் கண்ட பாராட்டும் உண்டு. இவற்றைப் பிரித்துச் சொல்ல எந்தப் பாத்திரமும் அங்கு இல்லை. ஸ்முடாவும் ஷாபிரோவும் அறையில் இல்லை. பின்னணியில் விளக்கம் இல்லை. படம் முழுவதும் திட்டம் அறிந்தவராக அமர்ந்திருந்த பார்வையாளர், இங்குக் காஃப்மனோடு சேர்ந்து அதே கணத்தில்தான் உண்மையை அறிகிறார்.

இக்காட்சி நடந்தவாறே நடந்ததா என்று கேட்பதில் பயனில்லை. சிகிச்சையை நாடிச் சென்றது வரலாறு; அச்சிரிப்பு திரைப்படத்தின் படைப்பு. கார்னகி நிகழ்ச்சியை இடம்மாற்றியதும் புனைவுதான். ஆயினும் ஒரு புனைவு காஃப்மனைப் பற்றிய வினாவை மூடியது; மற்றொன்று அதைத் திறந்தது. வாழ்க்கை வரலாற்றுப் படத்தில் புனைவை மதிப்பிட, அது உண்மைக்கு மாறானதா என்பதைவிட, அம்மனிதரைப் பற்றிய சிந்தனையை அது தொடரவிடுகிறதா என்பதே தகுந்த அளவுகோலாகும்.

முடிவுரை

இறுதிச் சடங்கில் காஃப்மன் திரையில் தோன்றி அனைவரையும் பாடவைக்கிறார். ஓராண்டுக்குப் பின் நினைவு நிகழ்ச்சி ஒன்றில் டோனி கிளிஃப்டன் மேடையேறிப் பாடுகிறான். ஒளிப்படக்கருவி அரங்கைச் சுற்றிவரும்போது ஸ்முடா பார்வையாளர் நடுவே அமர்ந்திருப்பது தெரிகிறது. எனில் மேடையில் இருப்பவர் யார் என்று படம் சொல்வதில்லை. படம் முழுவதும் விடைகளை அளித்துவந்த ஃபோர்மன், இறுதி நிமிடங்களில் பார்வையாளருக்குத் திரைக்குப் பின்னால் அளித்திருந்த இருக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்.

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு: ‘மேன் ஆன் தி மூன்’ தன் தொடக்கம், பிலிப்பைன்ஸ் காட்சி, இறுதிக் காட்சி ஆகிய மூன்றிடங்களில் காஃப்மனின் கலைமுறையைத் தன் முறையாக ஏற்கிறது. இடைப்பட்ட பெரும்பகுதியில், திட்டங்களை முன்கூட்டியே வெளிப்படுத்தியும், நிறுவனத்தை எதிர்க்கும் தனிமனிதன் என்னும் சட்டகத்தைப் பொருத்தியும், நிகழ்ச்சிகளின் வரிசையைத் திருப்பியும், மற்போர்க் காட்சிகளைக் காதலாக்கியும் அக்கலையின் கூர்மையை மழுக்குகிறது. ஜிம் கேரியின் நடிப்பு குரல், அசைவு, பார்வை ஆகியவற்றில் காஃப்மனை மீட்டெடுத்தாலும், படம் அவரைப் பெரும்பாலும் விரும்பத்தக்கவராகவே மீட்டெடுக்கிறது.

விரும்பப்படுவதற்கும் வெறுக்கப்படுவதற்கும் ஒரே அளவு உழைத்த கலைஞர் காஃப்மன். அவரை விரும்பத்தக்கவராக மட்டும் நினைவில் நிறுத்துவது அவ்வுழைப்பின் பாதியை மறப்பதாகும். இறந்தோரின் வாழ்வைத் திரையில் எழுதுவோர், அவர்கள் மக்களோடு முடிக்காமல் விட்டுச்சென்ற பூசலைத் தாமே முடித்துவைக்கும் உரிமை தமக்கு எவ்வளவு உண்டு என்பதை எண்ணிப்பார்க்க இப்படம், தன் வெற்றிகளாலும் குறைகளாலும், நல்ல தோர் எடுத்துக்காட்டாக அமைகிறது.